நாம்சேயில் இன்னொரு இரவு: எவரெஸ்ட் அடிவாரத்துக்கு ஆள் கூட்டிப் போகும் நம்மூர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஊர் ஊராக மலையேற்றக் குழு நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவருடைய வாட்ஸ்அப் குழுவில் பல வருடம் இருந்தவன்தான். வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி எல்லாம் உங்களைப் போன்றவர்களோடு ஏறியதுதான். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கும் முதல்முறை அப்படி ஒரு குழுவோடுதான் போனேன். இரண்டாம் முறை நானும் என் மைத்துனனும் மட்டும் போனோம். அந்த இரண்டு பயணத்துக்கும் நடுவே நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் அக்டோபர் பயண அட்டவணைகள் வர ஆரம்பித்துவிட்டன. போன வாரம் மட்டும் என் போனுக்கு மூன்று வந்தன. மூன்றிலும் நான் நேராகத் தேடியது ஒரே வரியைத்தான்: முகாமுக்குப் போகும் வழியில் இரண்டாம் நாள் வந்து சேரும் மலையூரான நாம்சேயில் எத்தனை இரவு? ஒன்றில் இரண்டு என்று இருந்தது. நல்லது, அவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டிலும் ஒரே இரவு. மாலை வந்து இறங்கி, காலையில் கிளம்பிவிடுகிறார்கள்.

ஏன் குறைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு சனி ஞாயிறும் நடுவில் ஐந்து நாள் லீவும் சேர்த்தால் ஒன்பது நாள். அதற்கு மேல் லீவு கேட்டால் ஐ.டி. கம்பெனி ஆனாலும் சரி, வங்கி ஆனாலும் சரி, மேலே இருப்பவர் முகம் சுளிப்பார். விமானத்தில் லுக்லாவில் இறங்கி, அங்கிருந்து நடந்து போய் நடந்தே திரும்ப, ஒழுங்கான திட்டத்தில் பன்னிரண்டு நாளாவது வேண்டும். எங்கேயாவது கத்தரித்தாக வேண்டும். அட்டவணையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தால், "மூன்றாம் நாள்: நாம்சேயில் ஓய்வு" என்று ஒரு வரி கண்ணில் படும். நடக்கிற நாளை வெட்ட முடியாது, சும்மா இருக்கிற நாளை வெட்டலாம். கத்தரி தானாக அங்கே போய் நின்றுவிடுகிறது. அந்த நாளுக்கு "ஓய்வு நாள்" என்று பெயர் வைத்தவர் மேல்தான் எனக்குக் கோபம். அன்றைக்கு யாரும் படுத்துத் தூங்குவதில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு செங்குத்தாக சியாங்போச்சே வரை ஏறி, முடிந்தால் கும்ஜுங் கிராமம் வரை போய், மதியத்துக்கு மேல் மறுபடி நாம்சேக்கே இறங்கி வந்து படுக்க வேண்டும். மேலே ஏறு, கீழே தூங்கு. அதுதான் அன்றைய வேலை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637. லுக்லாவில் விமானம் சக்கரம் பதிக்கிற ஓடுதளம் இருக்கிறதே, அதுவே 2,846 மீட்டரில் இருக்கிறது. அதாவது நம் பக்கத்து மலைகளை எல்லாம் தலைகீழாக ஏறி முடித்தவர்கூட, லுக்லாவில் விமானத்தின் படியிறங்கும்போது தன் வாழ்நாளில் நின்றிராத உயரத்தில் நிற்கிறார். வெள்ளியங்கிரியை நான்கு மணி நேரத்தில் ஏறினேன் என்று சொல்லும் தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கால் பலம் வேறு, காற்றுக் குறைவைத் தாங்குவது வேறு. மூன்று மாதம் மெரினாவில் ஓடிப் பழகியது ஏற்றத்துக்கு உதவும், உயரத்துக்கு உதவாது.

சீசன் நேரத்தில் லுக்லா விமானம் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்துதான். அந்த இடம் 500 மீட்டரைக்கூடத் தொடாது. அங்கிருந்து சுமார் இருபது நிமிடத்தில் 2,846. 1953இல் ஹிலாரியும் டென்சிங்கும் போன குழு, காட்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்துதான் நாம்சேக்கு மேலே உள்ள தெங்போச்சேயைத் தொட்டது. அந்த நடையிலேயே உடம்பு பழகிவிடும், தனியாக ஒரு நாள் எடுத்து வைக்க வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை. 1964இல் ஹிலாரியே முன்நின்று லுக்லாவில் ஓடுதளம் போட்டார், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாமான் கொண்டு வர. அந்த ஓடுதளம் நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நாட்களில் ஒன்றைத்தான் நாம்சேயில் திருப்பிக் கட்டச் சொல்கிறேன்.

முதல் நாள் லுக்லாவிலிருந்து பாக்டிங் இறக்கம்தான், 2,610 மீட்டர். இரண்டாம் நாள் மோஞ்சோ, ஜோர்சல்லே தாண்டி, தூத் கோசி, போட்டே கோசி ஆறுகள் கூடுகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கும் இரண்டு பாலங்களில் மேலே உள்ளதில் கடந்து, அதற்குப் பிறகு பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறினால் நாம்சே, 3,440 மீட்டர். முந்தின இரவு படுத்த இடத்துக்கும் அன்றிரவு படுக்கும் இடத்துக்கும் 830 மீட்டர் வித்தியாசம். மலை மருத்துவர்கள் சொல்வது, 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்கு என்பது. நாம்சேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அடிவார முகாம் இருக்கும் 5,364 மீட்டரில் ஏறக்குறைய பாதி. முதல் பெரிய ஏற்றத்தை உடம்பு செரித்துக்கொள்ள வேண்டிய இடம் நாம்சேதான். அங்கே செரிக்காத ஏற்றத்தோடு மேலே போனால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எங்கள் குழுவில் பதினோரு பேர். எல்லாரும் "அண்ணன்" என்று கூப்பிட்ட ஒருவர் இருந்தார், ஐம்பத்திரண்டு வயது, தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் நடப்பவர். பாக்டிங் வரை அவர்தான் முதலில் போய் எங்களுக்கு டீ சொல்லி வைத்தார். நாம்சேயில் ஒரே இரவு. மறுநாள் தெங்போச்சே. அங்கே இரவு அண்ணனுக்குத் தலைவலி. வெயில், தூக்கமில்லை, தண்ணீர் குடிக்கவில்லை என்று நாங்களே காரணம் கண்டுபிடித்தோம். ஏற்பாட்டாளர் ஒரு பாராசிட்டமால் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், நல்ல மனசுக்காரர். ஆனால் அட்டவணையில் அவர் கையில் மிச்ச நாள் இல்லை. அது அண்ணனுக்கும் தெரியும். "என்னால எல்லாருக்கும் லேட் ஆகக் கூடாது தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. மறுநாள் டிங்போச்சே, 4,410 மீட்டர்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கரண்டியைப் பிடிக்கத் தடுமாறினார். ஷூ லேசை அவிழ்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கைடு (நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்பார்கள், அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம், முதல் இரண்டு நாள் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை) எழுந்து வந்து, லாட்ஜ் தரையில் பலகைகள் சேரும் கோட்டைக் காட்டினார். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். அண்ணன் முதல் அடி வைத்தார். இரண்டாவது அடியில் கை விரிந்தது. மூன்றாவதில் அப்படியே அடுப்புப் பக்கம் சாய்ந்தார். குடித்தவர் மாதிரி. தாய் ஒன்றும் பேசவில்லை, வெளியே போய் போர்ட்டரைக் கூட்டி வந்தார்.

மூளையில் நீர் கோக்க ஆரம்பித்ததன் அடையாளம் அது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் பைகளைத் தூக்கி வந்த இருபது வயதுப் பையன், நாங்கள் 'பாய்' என்று கூப்பிட்டவன் (அவர்கள் மொழியில் தம்பி), நெற்றிப் பட்டையை மாட்டி, அண்ணனைப் போர்வையோடு முதுகில் கட்டிக்கொண்டான். டிங்போச்சேக்கும் பெரிச்சேக்கும் நடுவில் ஒரு மேடு. பகலில் ஏறி இறங்க நாற்பது நிமிடம் ஆகும். நாங்கள் இரண்டு பேர் டார்ச்சோடு பின்னால் போனோம். என் மூச்சு எனக்கே இரைந்தது. முன்னால் அவன் கால் வைக்கும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. சீசனில் பெரிச்சேயில் இயங்கும் மருத்துவ நிலையத்தில் ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டார்கள். விடிந்ததும் ஹெலிகாப்டர். காட்மாண்டு போய் இரண்டாம் நாளே அண்ணன் சரியாகிவிட்டார். இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். கொடைக்கானலுக்குக்கூட வர மாட்டேன் என்கிறார், அது வேறு கதை.

நாம்சேயில் இன்னொரு இரவு தங்கியிருந்தால் அவருக்கு வந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு இரவு தங்கியவர்களுக்கும் வருகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான வழி இல்லை. வயது, உடற்பயிற்சி எதையும் அது பார்ப்பதில்லை. ஆனால் நாம்சேயில் ஒரு பகல் இருந்திருந்தால் அவருக்குத் தலைவலி அங்கேயே வந்திருக்கலாம், 3,440 மீட்டரில், பகல் வெளிச்சத்தில், மருந்துக் கடையும் மேலே குந்தேயில் ஆஸ்பத்திரியும் இருக்கிற இடத்தில். அங்கிருந்து சில மணி நேரம் கீழே இறங்கினாலே போதும். லட்சக்கணக்கில் செலவாகும் ஹெலிகாப்டர் வேண்டியிருக்காது.

ஹெலிகாப்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தேவையே இல்லாதவர்களையும் பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி, இன்சூரன்ஸ் பணத்தைக் கறப்பதாகப் புகார் எழுந்து, 2018இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. அதனால் சாதாரணத் தலைவலிக்கும் நடை தள்ளாடுவதற்கும் உள்ள வித்தியாசம் குழுப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரையை மிட்டாய் மாதிரி விநியோகிப்பதையும் நிறுத்துங்கள். அது உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், பழகாமலே போக அனுமதிச் சீட்டு கொடுக்காது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சரி, நோயை விடுங்கள். அது மட்டுமே காரணம் என்றால் இந்த மடலை ஒரு டாக்டர் எழுதியிருக்கலாம்.

நாம்சேயை நாம் வழியில் இருக்கும் ஒரு சத்திரம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கடைத்தெரு. பேரிலேயே பஜார் இருக்கிறது. ஷெர்பாக்கள் வாயில் அது நௌச்சே. மலைச்சரிவில் ஒரு குதிரை லாடத்தைச் சாய்த்து வைத்த மாதிரி, படிப்படியாகக் கல் வீடுகள், நீலமும் பச்சையுமாகக் கூரைகள், எதிரே கோங்டே மலை சுவர் போல. இன்றுவரை மோட்டார் சாலை வராத ஊர். அங்கே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியும், கேஸ் சிலிண்டரும், பேக்கரி அடுப்பும், பில்லியர்ட்ஸ் மேசையும் யாரோ ஒருவர் முதுகிலோ, ஜோப்கியோ என்கிற யாக்–பசுக் கலப்பு மாட்டின் முதுகிலோ, கோவேறு கழுதையிலோ, ஹெலிகாப்டரிலோ வந்து இறங்கியதுதான்.

சுற்றுலா வருவதற்கு முன்னாலும் அது கடைத்தெருவாகத்தான் இருந்தது. மேற்கே தாமே பள்ளத்தாக்கு வழியாக ஏறிப் போனால் 5,700 மீட்டருக்கு மேல் நாங்பா லா கணவாய், அந்தப் பக்கம் திபெத். அங்கிருந்து யாக் முதுகில் உப்பும் கம்பளியும் வரும். கீழே ராய் மக்கள் வாழும் மலைச்சரிவுகளிலிருந்து அரிசியும் சோளமும் மேலே வரும். இரண்டும் கைமாறும் இடம் நாம்சே. அந்த இடம் ஏன் அந்த உயரத்தில் அமைந்தது என்று இரண்டாம் பயணத்தில் கூரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். கீழேயிருந்து நெல் கொண்டு வருகிறவன் அதற்கு மேல் போனால் அவனுக்கு மூச்சுத் திணறும். மேலேயிருந்து வருகிற யாக் அதற்குக் கீழே இறங்கினால் சூடு தாங்காமல் சோர்ந்துவிடும். இரண்டு பேரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் சந்திக்கத் தோதான மட்டம் அது. இது என் யூகம்தான், வரலாற்று ஆசிரியர்கள் வேறு காரணம் சொல்லலாம். ஆனாலும் அந்த ஊரின் பிழைப்பே அங்கே நின்று போவதில்தான் இருந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

1950களின் கடைசியில் திபெத்தில் நிலைமை மாறியதும் உப்பு வணிகம் சுருங்கிப்போனது. சனிக்கிழமைச் சந்தை 1960களில் வந்தது. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

அந்தச் சந்தையை முதல் பயணத்தில் நான் பார்க்கவே இல்லை. நாங்கள் நாம்சேயில் படுத்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு என்பதும், நான் அதைத் தவறவிட்டேன் என்பதும் ஊர் திரும்பி போட்டோக்களின் தேதியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, சந்தை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு தெங்போச்சே பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் முறை பார்த்தேன். ஊரின் கீழ்க்கோடியில் கல் கட்டிய படித்தளங்கள். வெயில் இன்னும் பள்ளத்துக்குள் விழவில்லை, எல்லார் வாயிலிருந்தும் புகை. ஒரு தளம் முழுக்க அரிசி மூட்டை, பருப்பு, நூடுல்ஸ் அட்டைப்பெட்டி. அடுத்ததில் வெங்காயம், முட்டைக்கோஸ், சுருங்கிய ஆரஞ்சு. இன்னொரு ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்பில் எருமை இறைச்சி. நாம்சே இருக்கும் கும்பு பகுதியில் உயிர்க்கொலை கூடாது என்பது பௌத்தர்களான ஷெர்பாக்களின் வழக்கம். அதனால் இறைச்சி எல்லாம் கீழே வெட்டப்பட்டு நாள்கணக்கில் கூடையில் ஏறி வருவது. (நாம்சேக்கு மேல் கறி சாப்பிடாதீர்கள் என்று கைடுகள் சொல்வதன் ரகசியம் இதுதான். மட்டன் பிரியர்கள் மன்னிக்கவும்.) முட்டை அட்டைகளை மார்பளவு அடுக்கி வைத்திருந்த ஒரு அம்மா, ஒவ்வொரு முட்டையையும் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரிசல் விட்டதைத் தனியே வைத்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் நடந்து வந்ததில் மொத்தம் ஒன்பதுதான் விரிசல் என்று பக்கத்திலிருந்தவரிடம் விரல் விட்டுக் காட்டிச் சிரித்தார். மைத்துனன் மளிகைக் கடைக்காரன். அந்த ஒன்பதைக் கேட்டதும் மரியாதையோடு ஒரு கும்பிடு போட்டான்.

சந்தையில் விற்பவர்களின் நெற்றியைப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் புருவத்துக்கு மேலே ஒரு பட்டையான தழும்பு மாதிரி தெரியும். நாம்லோ என்கிற நெற்றிப்பட்டையில் தொங்கும் டோகோ கூடையில்தான் அத்தனை சரக்கும் வருகிறது. கையில் டி வடிவக் கோல் ஒன்று இருக்கும். ஊன்றிக்கொள்ளவும், நிற்கும்போது கூடையை அதன் மேல் சாய்த்து மூச்சு வாங்கவும். 2005இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஐரோப்பிய விஞ்ஞானிகள் நாம்சே பாதையில் இவர்களை எடை போட்டுப் பார்த்தார்கள். சந்தைக்கு முந்தின நாள் மட்டும் 545 ஆண்கள், 97 பெண்கள், 32 யாக்குகள் அந்த வழியே போனதாக எண்ணினார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்தார்கள், பெண்கள் 66 சதவீதம். அவ்வளவு சுமையை அவ்வளவு குறைந்த சக்திச் செலவில் தூக்குவது எப்படி என்பதுதான் விஞ்ஞானிகளுக்கு ஆச்சரியம். அவர்கள் கண்ட முறை ஒன்று எளிமையானது: மெதுவாகப் போகிறார்கள், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிற்கிறார்கள், பல மணி நேரம் நடக்கிறார்கள். ஒன்பது நாளில் முடிக்கத் துடிக்கும் நம்முடைய முறைக்கு நேர் எதிர்.

இங்கே இன்னொரு விஷயம். நம் ஆட்கள் மூட்டை தூக்குகிறவர் எல்லாரையும் "ஷெர்பா" என்கிறார்கள். ஷெர்பா என்பது வேலையின் பெயர் இல்லை, ஓர் இனத்தின் பெயர். கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்று பொருள். நாம்சேயில் நீங்கள் தங்கும் லாட்ஜின் முதலாளி பெரும்பாலும் ஷெர்பா. உங்கள் பையைத் தூக்கும் பையன் பெரும்பாலும் ராயோ தமங்கோ மகரோ, கீழ்மலைக் கிராமத்துக்காரன். உயரம் அவன் உடம்புக்கும் புதிது. மலைநோய் அவனுக்கும் வரும். வந்தால் அவன் சொல்ல மாட்டான், சொன்னால் கூலி போய்விடும். அண்ணன் சொல்லாததற்கும் பாய் சொல்லாததற்கும் காரணம் ஒரே அட்டவணைதான்.

எங்கள் பாய் தூக்கியது எவ்வளவு தெரியுமா? இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்றார்கள். லுக்லாவில் யாரும் எடை போடவில்லை. நானே என் பையில் இட்லிப் பொடி, புளியோதரை மிக்ஸ், ஒரு கிலோ முறுக்கு, மூன்று ஜீன்ஸ் வைத்திருந்தேன். ஜீன்ஸ்! நாம்சே லாட்ஜில் ஒரு பழைய தராசில் சும்மா விளையாட்டுக்குத் தூக்கி வைத்தபோது எங்கள் இரண்டு பைகளும் சேர்ந்து 37 கிலோ காட்டியது. சுற்றுலாப் பயணிகளின் போர்ட்டருக்கு 30 கிலோதான் உச்சம் என்று போர்ட்டர் நலனுக்காகப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் அவன் தன் போர்வையையும் தூக்க வேண்டும். பாதையில் அதைவிட இரண்டு மடங்கு பிளைவுட் தூக்கிப் போகிறவர்களைப் பார்க்கிறோமே என்று என் நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். அவர்கள் கிலோவுக்குக் கூலி வாங்குகிறவர்கள், எவ்வளவு தூக்குவது, எங்கே நிற்பது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். நம் போர்ட்டர் நாம் நிற்கிற இடத்தில்தான் நிற்க முடியும்.

அப்புறம் காசுக் கணக்கு. போர்ட்டருக்கும் கைடுக்கும் நாள்கூலி. நீங்கள் ஒரு நாளை வெட்டினால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது, வேலை குறைவதில்லை. ஒரு நாளைக் கூட்டினால் ஆளுக்கு எவ்வளவு ஆகிறது என்று நான் என் இரண்டாம் பயணத்தில் எழுதி வைத்தேன்: அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கைடு போர்ட்டர் கூலியில் என் பங்கு, வெந்நீர், போன் சார்ஜ், பேக்கரியில் ஒரு ஆப்பிள் பை எல்லாம் சேர்த்தும், சென்னையில் நான் அந்தப் பயணத்துக்காக வாங்கிய ஜாக்கெட்டின் விலையில் பாதியைத் தொடவில்லை. தால் பாத் கேட்டால் சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நம் வயிற்றுக்கு அதைவிடத் தோது வேறில்லை. முறுக்கு தேவையே இல்லை.

லீவு நாள் இல்லை என்றால்? அதற்கும் பதில் இருக்கிறது. நாம்சேயோடு திரும்பி வாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். லுக்லா, பாக்டிங், நாம்சேயில் மூன்று இரவு, ஒரு நாள் கும்ஜுங், குந்தே, ஒரு நாள் தாமே பக்கம் போய்த் திரும்புவது, பிறகு இறக்கம். ஒன்பது நாளில் நிம்மதியாக முடியும், விமானம் மேகத்துக்காக ஒரு நாள் நின்றாலும் தாங்கும். எவரெஸ்ட்டையும் பார்க்கலாம். தேசியப் பூங்கா அலுவலகம் இருக்கும் மேட்டில், டென்சிங் சிலைக்குப் பின்னால், வானம் தெளிந்த காலையில் லோட்சேயின் சுவருக்கு மேலே அந்தக் கறுத்த முக்கோணம் எட்டிப் பார்க்கும், வலப்பக்கம் அமா தப்லம் சிகரம். டென்சிங் சிறுவனாக வளர்ந்தது தாமேயில்தான். 2024 ஆகஸ்டில் மேலே பனியேரி உடைந்து வெள்ளம் அந்தக் கிராமத்தின் ஒரு பகுதியை அடித்துப் போனது. 1985இலும் அதே பள்ளத்தாக்கில் இன்னொரு பனியேரி உடைந்து, கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த நீர்மின் நிலையத்தைக் கொண்டுபோனது. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் அந்த ஊருக்கு உபயோகம். "அடிவார முகாம் தொட்டேன்" என்று போட்டோ போட முடியாது என்பது ஒன்றுதான் நஷ்டம். அந்த போட்டோவுக்காக ஆள் சேர்க்கிறீர்கள் என்பது எனக்கும் தெரியும். முதல் முறை நானும் அதற்காகத்தான் வந்தேன்.

முகாம் வரை போகத்தான் போகிறோம் என்றால், தயவுசெய்து அட்டவணையில் "ஓய்வு நாள்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "உயரம் பழகும் நாள்" என்று போடுங்கள், அடுத்த முறை யாரும் கத்தரியைக் கொண்டுபோக மாட்டார்கள். டிங்போச்சேயிலும் அதே மாதிரி ஒன்று. கடைசியில் ஒரு உதிரி நாள், யாருக்காவது தலை வலித்தால் வெட்கப்படாமல் சொல்வதற்காக. கிளம்பும் முன் லுக்லாவில் பைகளை எல்லார் முன்னாலும் தராசில் வையுங்கள். போர்ட்டருக்குக் குளிருக்கு உடை, கூலிங் கிளாஸ், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். ஏஜென்சிக்காரர் தலையாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு, நம்மூர் மலைக்குப் போகும்போது அனுமதி இருக்கிறதா, எந்தப் பாதை, யார் கூட வருகிறார்கள் என்று கேட்கப் பழகினோம். வெளிநாட்டு மலை என்றதும் அந்தப் பழக்கம் விமானத்திலேயே இறங்கிவிடுகிறது.

பாதையில் மணிக் கற்சுவர்கள் வரும், மந்திரம் செதுக்கியவை. அவற்றை வலம் வருவது போல, வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடந்து போக வேண்டும். நம்மவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், ஒரு தடவை "பிரகாரம் மாதிரி" என்றால் போதும்.

அடுத்த அக்டோபருக்கு நாள் குறிக்கும்போது காலண்டரில் வியாழக்கிழமையைத் தேடுங்கள். வியாழன் லுக்லாவில் இறங்கினால் அன்று பாக்டிங், வெள்ளி சாயங்காலம் நாம்சே. சனிக்கிழமை சியாங்போச்சே ஏறுவதற்கு முன்னால் எல்லாரையும் ஆறரை மணிக்கு எழுப்பி, கீழே சந்தைக்குக் கூட்டிப் போங்கள். குல்லா போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அந்நேரம் குளிர் காதைக் கடிக்கும். மதியத்துக்குள் கடை கட்டிவிடுவார்கள், நல்ல ஆரஞ்சு எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். முட்டைக்கார அம்மா மேலிருந்து மூன்றாவது தளத்தில் இருப்பார். விரிசல் விட்டதை அவர் பாதி விலைக்குக் கொடுக்கிறார், லாட்ஜில் கொடுத்தால் ஆம்லெட் போட்டுத் தருவார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய குழு உறுப்பினன் ஒருவன்
மதுரை